சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத அம்மா முட்டை, பூண்டு சாப்பிடலாமா?

தண்டையார்பேட்டை மகள்
திங்கள், காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. தை மாதத்தில் சிறுநீர்த் தொற்று வந்தபோது கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா வகை மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, உதடும் வீங்கிவிட்டது. மருத்துவர் உடனே மாத்திரையை நிறுத்தி, சீட்டில் 'சல்ஃபா அலர்ஜி' என்று எழுதினார். அதுவரை சரி.

எங்கள் தெருவில் எல்லோரும் யோசனை கேட்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர், "சல்ஃபா என்றால் கந்தகம். முட்டை, பூண்டு, வெங்காயம், பருப்பு எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது, தொடவே தொடாதே" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மாவுக்குக் கஞ்சி, எலுமிச்சை ஊறுகாய், பூண்டில்லாத மிளகு ரசம், இவைதான் சாப்பாடு. நான்கு மாதம் ஆகிவிட்டது. 58 கிலோ இருந்தவர் 52 கிலோவாகிவிட்டார். காலையில் தலை வாரினால் சீப்பில் ஒரு உருண்டை முடி வருகிறது.

நேற்று சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைக்குப் போனோம். சிறு வயதிலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு அது பழக்கம். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் உள்ளே திணித்து, மேலே புளித்தண்ணீர் விட்டுக் கொடுத்தார்கள். அம்மா என் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. அவர் சாப்பிடக் கூடாது என்பது உண்மைதானா?

பெரம்பூர் மருந்தாளுநர்
திங்கள், காலை 7.15

சாப்பிடலாம். இன்றைக்கே சாப்பிடலாம். முட்டை, பூண்டு, வெங்காயம், பருப்பு எதற்கும் சல்ஃபா ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை.

ஆனால் அந்த மாத்திரையை மட்டும் இனி வாழ்நாளில் தொடக் கூடாது. உதடு வீங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அது சிறிய விஷயம் இல்லை. மாலை கடையில் கூட்டம் குறைந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

வியாசர்பாடி வாசகன்
திங்கள், காலை 8.02

மருந்தாளுநர் அண்ணா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கந்தகம் உடம்புக்குச் சூடு என்று நம் பெரியவர்கள் சொன்னது வீணா? சித்த மருத்துவத்தில்கூட கந்தகத்தைச் சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்பார்கள். முட்டையிலும் அதே கந்தகம்தானே இருக்கிறது? ஒரே பொருள் ஓரிடத்தில் விஷமாகவும் இன்னோரிடத்தில் உணவாகவும் எப்படி இருக்கும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ராயபுரம் வேதியியல் ஆசிரியர்
திங்கள், காலை 10.30

வியாசர்பாடித் தம்பியின் கேள்விதான் இந்த இழையின் உயிர். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கந்தகம் ஒரு தனிமம். அது எந்த அணுவோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு பொருளாகிவிடுகிறது. சோற்றுக்குப் போடும் உப்பில் குளோரின் இருக்கிறது. குடிநீர்த் தொட்டியில் கலப்பதும் குளோரின்தான். அதற்காக உப்பை யாரும் ஒதுக்குவதில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் கந்தகத்தில் எட்டு கந்தக அணுக்கள் வளையமாகக் கைகோத்திருக்கும். அதை விழுங்கினால் நம் உடம்பால் அதைக் கொண்டு ஒரு துளி புரதம்கூடக் கட்ட முடியாது. செடிகளும் பல நுண்ணுயிர்களும் மண்ணிலுள்ள சல்பேட்டை உறிஞ்சி, அதிலிருந்து அமினோ அமிலம் செய்யும் வித்தையைக் கற்றிருக்கின்றன. நாம் கற்கவில்லை. அவை செய்து வைத்ததைச் சாப்பிட்டுத்தான் வாழ்கிறோம்.

நம் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் இரண்டில் கந்தகம் உண்டு. ஒன்று மெத்தியோனின், மற்றொன்று சிஸ்டீன். மெத்தியோனினில் கந்தகம் இரண்டு கார்பன்களுக்கு நடுவில் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். சிஸ்டீனில் கந்தகத்தின் முனையில் ஒரு ஹைட்ரஜன் மட்டும் தொங்கும். இதைத் தயால் என்பார்கள். இந்த ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். இரண்டு சிஸ்டீன்கள் அருகருகே வந்து ஹைட்ரஜனை இழந்தால் இரண்டு கந்தகங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சோடிக்குச் சிஸ்டைன் என்று பெயர். ஓரெழுத்துதான் வித்தியாசம், மாணவர்கள் தேர்வில் தவறாமல் மாற்றி எழுதுவார்கள்.

அந்தப் பிடியை டைசல்பைடு பிணைப்பு என்கிறோம். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு கந்தகப் பாலங்கள். மூன்றாவது பாலம் சிறிய சங்கிலிக்குள்ளேயே ஒரு மடிப்பைக் காக்கிறது. இந்த மூன்றும் அறுந்தால் இன்சுலின் வெறும் நூல்தான். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள் தினமும் கந்தகத்தைத்தான் உடம்பில் ஏற்றுகிறார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் கந்தகம் இருக்கிறது. அம்மாவுக்குக் 'கந்தக ஒவ்வாமை' என்று ஒன்று இருந்திருந்தால் அவர் பிறந்திருக்கவே முடியாது.

இனி மகளுக்கு நேரடியாகச் சொல்கிறேன். நான்கு மாதமாக அம்மா குடிக்கும் கஞ்சியில் கந்தகம் இல்லையா? இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம், அதில் மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 300 மில்லிகிராமை ஒட்டி வரும். ஒரு கோழி முட்டையிலும் ஏறத்தாழ அதே அளவுதான். நூற்றிருபது நாள் கஞ்சி வழியாகக் கந்தகத்தைச் சாப்பிட்டும் அம்மாவுக்கு ஒரு தடிப்புகூட வரவில்லை. இதைவிடப் பெரிய சோதனை வேறு என்ன வேண்டும்?

தண்டையார்பேட்டை மகள்
திங்கள், காலை 10.52

ஐயா, இதைப் படித்ததும் அழுதுவிட்டேன். கஞ்சியில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

ஆய்வக அக்கா
திங்கள், நண்பகல் 12.10

வண்ணாரப்பேட்டையில் ஒரு இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தங்கச்சி, எடைக்குறைவையும் முடியையும் பற்றி ஒரு வார்த்தை.

பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் கந்தக அமினோ அமிலங்கள் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. 52 கிலோவுக்கு 780 மில்லிகிராம் ஆகிறது. 200 கிராம் அரிசியைக் கஞ்சியாக்கினாலே 600 மில்லிகிராம் கிடைத்துவிடும். அதாவது அம்மாவுக்குப் பெரிதாகக் குறைந்தது கந்தகம் இல்லை. மொத்தப் புரதம் குறைந்துவிட்டது. அவர் எடைக்கு நாளொன்றுக்கு 43 கிராம் புரதமாவது வேண்டும், 200 கிராம் அரிசி தருவது 14 கிராம். பருப்பை விட்டதால் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைந்தது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் இருக்கிறது. இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் ஒன்றாக அரைபடும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. எள்ளில் மெத்தியோனின் மிகுதி, ஆகவே இட்லிக்கு எள்ளுப்பொடி தொட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்கள் தெருப் பெரியவர் கந்தகம் மிகுதி என்று பயந்து நிறுத்திய பருப்புதான் தன் புரத அளவுக்குக் கந்தக அமினோ அமிலம் குறைவான உணவு. அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு வீட்டின் சாப்பாடே மாறிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதில் சிஸ்டீன் மட்டும் 15 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. முடி கருகும்போது மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தால்தான். உடம்புக்குப் புரதம் போதாமல் போனால் முதலில் கைவிடுவது முடியைத்தான், இதயத்தையும் ஈரலையும் காப்பாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். சாப்பாடு சரியான இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். ஆனாலும் நான்கு மாதத்தில் 6 கிலோ இறங்கியதற்குச் சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, இரத்த அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

காசிமேட்டுக் கரை
திங்கள், பகல் 2.25

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். எனக்கு ஒரு சந்தேகம். இறாலின் தலை கறுத்துப்போகாமல் இருக்க, ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைச் சிலர் ஒரு வெள்ளைத் தூள் கரைத்த தண்ணீரில் முக்குவார்கள். மெட்டாபைசல்பைட் என்று பெயர். அதுவும் 'சல்ஃப்' என்றுதான் வருகிறது. அந்த அம்மா இறால் சாப்பிடலாமா? எங்கள் வீட்டிலேயே என் மைத்துனிக்கு அந்தத் தூள் வாசம் பட்டாலே இளைப்பு வந்துவிடுகிறது.

பெரம்பூர் மருந்தாளுநர்
திங்கள், இரவு 9.05

ஒவ்வொன்றாக வருகிறேன்.

சல்ஃபா என்பது சல்ஃபோனமைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகளின் சுருக்கப் பெயர். 1935-ல் ஜெர்மனியின் டோமாக் பிராண்டோசில் என்ற செஞ்சாய மருந்தை வெளியிட்டார். பெனிசிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே உயிர்களைக் காப்பாற்றிய குடும்பம் இது. இவற்றில் கந்தகத்தோடு இரண்டு ஆக்சிஜனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்திருக்கும். ஆனால் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அந்தக் கந்தகம்கூட இல்லை. மூலக்கூற்றின் மறுமுனையில், பென்சீன் வளையத்தில் தொங்கும் அமின் தொகுதிதான் முக்கியக் குற்றவாளி. ஈரல் அதை மாற்றும்போது ஒட்டிக்கொள்ளும் குணமுள்ள ஒரு பொருள் பிறக்கிறது. அது நம் புரதங்களில் போய் ஒட்டுகிறது, நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை அந்நியன் என்று எண்ணிப் பாய்கிறது.

அந்தப் பொருளை ஒட்டவிடாமல் பிடித்துச் சாதுவாக்குவதில் குளுட்டாதயோனுக்குப் பங்கு உண்டு. குளுட்டாதயோன் என்பது குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் மூன்றும் கோத்த சிறு மாலை. அதன் வேலையெல்லாம் நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தகத்தில்தான் நடக்கிறது. அம்மாவின் உடம்பில் கந்தக அமினோ அமிலம் எந்தப் பக்கம் நின்றது என்று பாருங்கள்.

காசிமேட்டு அண்ணாவின் கேள்வி நியாயமானது. மெட்டாபைசல்பைட் மூன்றாவது வகை. அது சல்பைட், சல்ஃபாவும் இல்லை, அமினோ அமிலமும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சிறைப்பைத் தூண்டும். உங்கள் மைத்துனி அதை ஒதுக்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இந்த அம்மாவுக்கு அதனால் தனியாக ஆபத்து எதுவும் இல்லை. நம் உடம்பே சிஸ்டீனை எரிக்கும்போது வழியில் சல்பைட்டை உண்டாக்குகிறது. சல்பைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சல்பேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது.

சிஸ்டீனைப் பற்றி ஒரு மருந்தாளுநனாக நான் எப்போதும் சொல்லும் ஒன்று உண்டு. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் ஈரலில் ஒரு நச்சுப்பொருள் உருவாகும். குளுட்டாதயோன் தீரும்வரை அதைப் பிடித்துக் கட்டும், தீர்ந்த பிறகு ஈரல் அழியத் தொடங்கும். அதற்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். சிஸ்டீனுக்கு ஒரு சிறு தொப்பி போட்ட வடிவம். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடும். முதல் நாள் நோயாளி சாதாரணமாகத்தான் இருப்பார், வாந்தி மட்டும் இருக்கலாம். அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டில் வைத்திருப்பவர்கள்தான் இழந்துவிடுகிறார்கள். யார் வீட்டிலாவது அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். கோபத்தில் விழுங்கினாலும் தெரியாமல் விழுங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

அதே அசிட்டைல்சிஸ்டீன்தான் தண்ணீரில் நுரைக்கும் 600 மில்லிகிராம் மாத்திரையாகக் கெட்டிச் சளிக்கும் வருகிறது. சளியின் புரத நூல்களைக் கட்டியிருக்கும் கந்தகப் பாலங்களை அறுத்து, சளியை நீர்க்கச் செய்கிறது.

நிறம் வெளுக்கக் குளுட்டாதயோன் ஊசி என்று கேட்டு வாரம் ஒருவராவது கடைக்கு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. நல்ல தோலோடு பிறந்த பிள்ளைகள்.

வியாசர்பாடி வாசகன்
திங்கள், இரவு 9.40

நன்றி அண்ணா, நன்றி ஐயா. என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று. பூண்டை நசுக்கினால்தான் வாசம் வருகிறது, முழுப் பல்லில் இல்லை. அதுவும் கந்தகமா?

ராயபுரம் வேதியியல் ஆசிரியர்
செவ்வாய், காலை 6.15

பூண்டின் சூட்சுமம் சிஸ்டீன்தான் தம்பி. சிஸ்டீனில் ஒரு கிளை சேர்ந்து, கந்தகம் ஓர் ஆக்சிஜனையும் ஏற்றுக்கொண்டால் அல்லின் என்ற பொருள் கிடைக்கும். அதற்கு வாசமே கிடையாது. பூண்டின் செல்லுக்குள் அல்லின் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. அம்மியில் ஒரு தட்டு விழுந்ததும் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. வாசம் அதுதான். இந்த அல்லிசினை 1944-ல் கவல்லிட்டோ, பெய்லி என்ற வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். முழுப் பல்லாக எண்ணெயில் போட்டால் நொதி வெந்து செத்துவிடும், வாசம் சாதுவாக இருக்கும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால் காரம் ஏறும்.

வெங்காயத்திலும் அதே குடும்பம்தான். கிளையில் இரட்டைப் பிணைப்பு மட்டும் இடம் மாறியிருக்கும். அங்கே இன்னொரு நொதியும் சேர்ந்துகொண்டு, கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குகிறது. அந்த இரண்டாவது நொதியை 2002-ல்தான் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். நான் பணியில் இருந்தபோது படித்து, மறுநாளே வகுப்பில் ஒரு வெங்காயத்தை நறுக்கிக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே குறிப்பெடுத்தார்கள்.

அத்தோ கடை முட்டையையும் விடக் கூடாது. நெடுநேரம் அவித்த முட்டையை அறுத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். முட்டை கெட்டுவிட்டது என்று பலர் அதைச் சுரண்டி எறிகிறார்கள். வெள்ளைக் கருவின் சிஸ்டீன் வெப்பத்தில் ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது. அது உள்நோக்கி நகர்ந்து, மஞ்சள் கருவின் இரும்பைச் சந்திக்கும் எல்லையில் இரும்பு சல்பைடாகப் படிகிறது. கெடுதல் இல்லை. அவித்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டால் வளையம் வராது.

மின்ட் தெரு
செவ்வாய், காலை 11.20

எனக்கும் இதே வேதியியலில் ஒரு சிக்கல். நாங்கள் பரம்பரையாகச் சைவம். முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் வீட்டுக்குள் வராது. உடல் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் 34 என்று வந்திருக்கிறது, மாரடைப்பு வரும் என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு 44 வயது. கந்தகம் அதிகம் சாப்பிடாத எனக்கு இது ஏன் ஏறியது?

ஆய்வக அக்கா
செவ்வாய், பகல் 1.00

அண்ணா, முதலில் ஒரு கேள்வி. இரத்தம் எடுத்த குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்தார்களா? வீட்டுக்கு வந்து எடுத்திருந்தால் எத்தனை மணி நேரம் கழித்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தது? சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் ஹோமோசிஸ்டீனைக் கக்கிக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 விழுக்காடு ஏறிவிடும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் மூன்று மணி நேரம் சுற்றிய குழாய் என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியும். முடிவை நம்புவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். 5 முதல் 15 வரை பொதுவாக இயல்பு என்று கொள்வோம்.

34 உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். மெத்தியோனின் தன் மெத்தில் தொகுதியை உடம்புக்குத் தானம் செய்துவிட்டு மிஞ்சும் உருவம்தான் ஹோமோசிஸ்டீன். அட்ரினலின், கிரியேட்டின் செய்வதற்கும், மரபணுக்களின் மேல் அடையாளம் வைப்பதற்கும் அந்த மெத்தில் வேண்டும். தானம் செய்து முடித்த ஹோமோசிஸ்டீனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. வைட்டமின் பி12, ஃபோலேட் இரண்டின் துணையோடு மீண்டும் மெத்தியோனின் ஆகலாம். அல்லது பி6 துணையோடு சிஸ்டீனாகிவிடலாம். உங்கள் வீட்டில் முதல் வழி அடைபட்டிருக்கும். பி12 விலங்கு உணவில்தான் இயல்பாகக் கிடைக்கும். பால், தயிரில் கொஞ்சம் உண்டு, பலருக்கு அது போதுவதில்லை. ஆகவே அண்ணா, நீங்கள் கந்தகம் சாப்பிட்டதால் இது ஏறவில்லை. பி12 அளவைப் பாருங்கள். பாதம் மரத்துப்போகிறதா, இருட்டில் நடை தள்ளாடுகிறதா என்றும் கவனியுங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்காதீர்கள். இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

மாரடைப்புப் பயத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். 1969-ல் மெக்கல்லி என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர், பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிகையாக இருந்த குழந்தைகளின் இரத்தக்குழாய்கள் முதியவர்களுடையதுபோல் தடித்திருந்ததைக் கண்டு, இது எல்லோருக்கும் பொருந்தலாம் என்றார். எதிர்பார்ப்பு பெரிதாக எழுந்தது. 2006-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன, அவற்றில் ஒன்றில் மட்டும் 5,522 பேர். வைட்டமின் கொடுத்ததில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டாம். பி12 குறைவாக இருந்தால் நரம்புக்காகவும் இரத்தத்துக்காகவும் அதைச் சரிசெய்யுங்கள், அது கட்டாயம்.

ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பத்தொன்பது வயதுப் பையனின் சிறுநீர். ஏற்கெனவே இரண்டு முறை கல் எடுத்தவன். படிவை ஒரு சொட்டு கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நிறமற்ற அறுகோணத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, தரையில் பதித்த ஓடுகள் சிதறியதுபோல் கிடந்தன. சிஸ்டைன் படிகம். பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தது கண் முன்னால் இருந்தது. சிறுநீரகம் சிஸ்டைனைத் திரும்ப உறிஞ்ச முடியாத பிறவிக் குறை அது. லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராமுக்கு மேல் அது கரையாது. இந்தப் பொருளை உலகம் முதலில் சந்தித்ததே 1810-ல் ஊலாஸ்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் ஆராய்ந்த ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில்தான், பெயரும் பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பையனுக்கு நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர், இரவிலும் எழுந்து குடிக்க வேண்டும். அதோடு டயோப்ரோனின் என்ற மருந்து. அதிலும் ஒரு தயால் இருக்கிறது. சிஸ்டைனின் கந்தகப் பாலத்தைப் பிரித்து, ஒரு பாதியைத் தானே பிடித்துக்கொண்டு கரையவைக்கிறது.

காசிமேட்டுக் கரை
செவ்வாய், மாலை 5.10

அக்கா எழுதியதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். மீன் நாற்றமும் கந்தகமா என்று கேட்கிறாள்.

ராயபுரம் வேதியியல் ஆசிரியர்
செவ்வாய், மாலை 6.00

இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். மீன் வாடை டிரைமெத்தில் அமின், நைட்ரஜன் சேர்மம். ஆனால் துறைமுகத்துப் பூனைகளைக் காட்டி ஒரு கந்தகக் கதை சொல்லலாம். சிஸ்டீனிலிருந்து உடம்பு செய்யும் டாரின் என்ற பொருளைப் பூனையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலோ மீனிலோ கிடைக்காவிட்டால் கண்பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். பால்சோறு மட்டும் வைத்து வளர்த்தால் பூனை தாங்காது. உங்கள் கரையில் கழிவு மீன் தின்னும் பூனைகள் பாக்கியசாலிகள்.

கொடுங்கையூர்
செவ்வாய், இரவு 10.45

எல்லாவற்றையும் படித்தேன். கந்தகத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டில் சரி. இன்னொரு பக்கத்தையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நான் எழுதுகிறேன்.

என் மாமா ஒப்பந்தக் கூலியாகக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர். முகமூடி கொடுக்கவில்லை, காற்றைச் சோதிக்கவில்லை, இடுப்பில் ஒரு கயிறு மட்டும். மேலே நின்றவர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே எதைப் பற்றிப் பேசினோம் என்று மறந்துவிடுகிறார். அவர் சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் இருக்கிறது. "இறங்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றமே இல்லை. காற்று வந்துவிட்டது என்று நினைத்தேன்."

ராயபுரம் வேதியியல் ஆசிரியர்
செவ்வாய், இரவு 11.30

தம்பி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் மாமா நுகர்ந்தது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில்லாத கழிவில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசித்து அந்த வாயுவை விடுகின்றன. வேறு சில, கழிவிலுள்ள புரதங்களின் சிஸ்டீனைச் சிதைத்து அதே வாயுவை விடுகின்றன. பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு செயலிழந்துவிடும். நாற்றம் போனதற்குக் காரணம் அதுதான். காற்று வரவில்லை, மூக்கு செத்துவிட்டது. 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு போகும். சயனைடு அடைக்கும் அதே நொதியை, செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை, இதுவும் அடைக்கிறது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுவது இதனால்தான். மயங்கிப் பிழைத்தவர்களுக்கு நினைவாற்றல் கெடுவதும் தெரிந்த விளைவு. மாமாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் உடம்பே சிஸ்டீனிலிருந்து மிகச் சிறிய அளவில் இதே வாயுவைச் செய்து இரத்தக்குழாய்களைத் தளர்த்திக்கொள்கிறது. அதைச் செய்யும் ஒரு நொதியை நீக்கிய எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதாக 2008-ல் காட்டினார்கள். உடம்புக்குள் தேவையான அது தொட்டிக்குள் ஆளைக் கொல்கிறது.

மனிதரை இப்படி இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கும் இழப்பீடு உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மாமாவின் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மனு எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

கொடுங்கையூர்
புதன், காலை 5.50

சீட்டுகள் அத்தையிடம் ஒரு பையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் வருகிறேன் ஐயா.

தண்டையார்பேட்டை மகள்
புதன், இரவு 8.30

நேற்றே எழுத நினைத்தேன். மருத்துவரிடம் மீண்டும் போய்க் கேட்டோம். உணவில் எந்தத் தடையும் இல்லை, அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். இன்று காலை அம்மா இட்லிக்கு எள்ளுப்பொடி போட்டுக்கொண்டார். மதியம் முட்டைக் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார், தடிக்கிறதா என்று. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு முட்டை கேட்டார்.

மருந்தாளுநர் அண்ணா, ஓர் உதவி. அம்மாவின் கைப்பையில் ஒரு அட்டை வைக்க வேண்டும். 'கந்தகம் ஆகாது' என்று பழைய அட்டையில் எழுதியிருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும்?

பெரம்பூர் மருந்தாளுநர்
புதன், இரவு 9.20

பழைய அட்டையைக் கிழித்துவிடுங்கள். புதியதில் இப்படி எழுதுங்கள்:

"கோட்ரைமாக்சசோல் சாப்பிட்டு, மூன்றாம் நாள் உடம்பெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம். சல்ஃபோனமைடு நுண்ணுயிர்க்கொல்லிகள் கொடுக்கக் கூடாது. உணவுத் தடை இல்லை."

மருந்தின் பெயரும் என்ன நேர்ந்தது என்பதும் இரண்டும் இருக்க வேண்டும். தீக்காயத்துக்குத் தடவும் வெள்ளைக் களிம்பிலும் சில்வர் சல்ஃபாடயசின் இருக்கும், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசினும் இதே குடும்பம். அடுப்படியில் கை சுட்டால் பக்கத்து வீட்டுக் களிம்பை வாங்கித் தடவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் சல்ஃபோனமைடு உண்டு, ஆனால் அந்த அமின் முனை இல்லாததால் பெரும்பாலும் தொந்தரவு வராது. அப்படி எழுதினால் மருத்துவரிடம் அட்டையைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம். எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுங்கள், எழுத்துப் பிழை பார்த்துச் சொல்கிறேன்.